சேனைப் பெருக்கமும் நாயகத் தீர்வும்

2018 இல் வெளிவந்த 'அவெஞ்சர்ஸ்: இன்பினிற்றி வோர்' திரைப்படத்தின் வகாண்டாப் போரில் மற்றுமொரு நேசப்படை சேர்ந்திருப்பின் முடிவு மாறியிருக்குமா என்னும் வினா, மேலோட்டமாக நோக்குமிடத்து எண்ணிக்கை பற்றியதாகவே தோன்றும். உண்மையில் அது ஆற்றல் எங்கே குவிந்துள்ளது என்பது பற்றியதாகும். ஐந்து கற்களுடன் களம்புகும் தானோஸ், அழிக்கப்பட்ட ஆறாவது கல்லையும் காலத்தைப் பின்னோக்கித் திருப்பி மீட்டுக்கொள்கிறான். புதிய சேனை அக்கல்லை முன்னரே அழிப்பதற்கு அவகாசம் தந்திருக்கலாம். காலம் திரும்புவதைத் தடுத்திருக்க முடியாது.

2019 இல் வெளிவந்த 'எண்ட்கேம்' இதனை மேலும் தெளிவாக்குகின்றது. அங்கு வகாண்டா, அஸ்கார்ட் வீரரும் மந்திரவாதிகளும் திரண்டு வருகின்றனர். அவர்களின்றேல் கற்கள் விரைவிலேயே பகைவன் கைப்பட்டிருக்கும் என்பதை நாம் மறுப்பதற்கில்லை. எனினும் அவனை ஒழிப்பது ரொனி ஸ்டார்க் என்னும் தனியொருவனின் விரற்சொடுக்கே. தாமதப்படுத்தும் பணி திரளுக்கு. தீர்மானிக்கும் உரிமையோ ஆயுத உற்பத்தியிற் செழித்த குடும்பத்தின் வாரிசுக்கு. போரின் பின் நாம் காணும் ஈமச்சடங்கும் அவனுடையதே.

ஆகவே, படையைப் பெருக்குவதால் மட்டும் இக்கதையின் முடிவு மாறாது. வரலாற்றை ஆக்குவோர் மக்களா, மாவீரரா என்பது பற்றிய அதன் நோக்கு மாறுதல் வேண்டும். பெயரற்ற வீரர் இழந்தவை யாவை என வினவாமையே இப்படங்களில் நாம் காணும் பிரதான குறைபாடாகும்.