தெருமாடமும் சுவரோவியமும்

இத்தாலியின் பழம்பெரு நகராகிய நேப்பிள்சில் தெருத்தோறும் மரியன்னையின் மாடங்களைக் காண்கின்றோம். பதினெட்டாம் நூற்றாண்டில் உரோக்கோ என்னும் தோமினிக்கன் துறவியார் இவற்றைப் பெருக்கினார். மக்கள் அவற்றின்முன் ஏற்றிய விளக்குகளே இருண்ட தெருக்களுக்கும் ஒளியாயின. வழிபாட்டோடு வழிப்போக்கர்க்குக் காவலாதலும் மாடத்தின் பணியாயிற்று.

இத்தகைய மாடம் ஒன்றன் அருகே, பேங்க்சி என்னும் புனைபெயருடைய ஓவியர் மரியன்னையைத் தீட்டி, ஒளிவட்டம் அமையவேண்டிய இடத்தில் கைத்துப்பாக்கியை அமைத்தார். இதனை நிந்தனை எனல் எளிது. நாம் அவ்வாறு கொள்ளோம். காவல் வேண்டி அன்னையை நோக்குவோரின் அச்சத்தையே இவ்வோவியம் அவள் தலைமேல் ஏற்றிக் காட்டுகின்றது. அந்நகரில் அவர் தீட்டிய பிறிதோர் ஓவியம் 2010இல் அழிந்தது. இதற்கோ கண்ணாடிக் காப்பு அமைந்தது. மாடத்திற்குரிய காவலைத் தெரு இதற்கும் அளித்தமையே நம் கருத்திற்குச் சான்றாகும்.