முகத்துக்கு மட்டும் ஒரு கவசம்

போன வருஷம் வைகாசியில் இராஜபாளையத்தில் ஒரு கிரகப்பிரவேசம். வீட்டுக்காரன் எனக்கு மச்சினன் முறை. ஒரு நூற்பாலையில் சூப்பர்வைசர். ஆட்டோ தெருவுக்குள் திரும்பியதுமே வீடு தெரிந்துவிட்டது. இரண்டு பக்கமும் வெள்ளையும் மஞ்சளுமாகச் சாதாரண வீடுகள். நடுவில் கறுப்பும் ஆரஞ்சுமாக, தரையிலிருந்து மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர் வரை பளபளவென்று தகடு போர்த்திய ஒரு முகப்பு.

மச்சினனின் அம்மா வாசலில் நின்று எல்லோரையும் வரவேற்றுக்கொண்டிருந்தார்கள். "புது வீடு எப்படி இருக்கு அத்தை?" என்றேன்.

"நல்லாத்தான் இருக்குப்பா. பேங்க் மாதிரி இருக்கு."

அத்தை கிண்டல் செய்யவில்லை. நிஜமாகவே பாராட்டினார்கள். அவர்களுக்குத் தெரிந்த, இப்படிப் பளபளக்கிற ஒரே கட்டிடம் பென்ஷன் வாங்கப் போகும் பேங்க்தான்.

நானும் கிண்டலுக்காக இதை எழுதவில்லை. எனக்கு ஒரு குற்ற உணர்ச்சி. வீடு கட்டும்போது மச்சினன் செல்போனில் ஒரு படம் அனுப்பியிருந்தான். கம்ப்யூட்டரில் வரைந்த 'எலிவேஷன்'. படத்தில் வானம் நீலமாக இருந்தது, வாசலில் வெளிநாட்டுக் கார் நின்றது, பக்கத்து வீடுகளையே காணோம். "எப்படி இருக்கு அத்தான்?" என்று கேட்டிருந்தான். நான் ஏதோ அவசரத்தில் "சூப்பர்" என்று பதில் போட்டுவிட்டேன்.

ஒரு சினிமாவைப் பார்க்காமலே நான் "சூப்பர்" என்று எழுதியிருந்தால் நீங்கள் சும்மா விடுவீர்களா? சினிமாவாவது பிடிக்கவில்லையென்றால் இடைவேளையில் எழுந்து வந்துவிடலாம். வீட்டு முகப்பை ஒரு தெருவே வருஷக்கணக்கில் பார்த்தாக வேண்டும். அதனால், அன்று எழுதாமல் விட்ட விமர்சனத்தை இப்போது எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் தகட்டுக்கு எதிரி இல்லை. தமிழனுக்கும் தகட்டுக்கும் ஆயிரம் வருஷத்துக்கு மேல் சொந்தம். தில்லைச் சிற்றம்பலத்துக்குப் பொன் வேய்ந்தவன் என்றே முதலாம் பராந்தக சோழனுக்குப் பெயர். மச்சினன் வீட்டிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரத்தில் போய்விடக்கூடிய ஸ்ரீவில்லிபுத்தூரில், ஆண்டாள் கோயில் விமானத்துக்குத் தங்கத் தகடு போர்த்தி 2016-ல் குடமுழுக்கு நடத்தினார்கள். எந்தக் கோயிலுக்குப் போனாலும் வெள்ளிக் கவசம், பித்தளைக் கவசம், செப்புத் தகடு அடித்த கொடிமரம் என்று எதையாவது பார்க்காமல் வர முடியாது.

ஆனால் கவசத்துக்கு ஓர் இலக்கணம் உண்டு. அதைக் கழற்றலாம். கழற்றுவார்கள். அபிஷேகத்துக்கு முன் எடுத்துவைத்து, துடைத்து, மறுபடி சாத்துவார்கள். உள்ளே இருக்கும் மூர்த்திதான் முக்கியம், கவசம் அதற்கு அலங்காரம் என்பது அர்ச்சகருக்கும் தெரியும், நமக்கும் தெரியும். மச்சினன் வீட்டு முகப்பில் இந்த வரிசை தலைகீழாகிவிட்டது.

எப்படி என்று கேட்கிறீர்களா? வீட்டைச் சுற்றி ஒரு நடை போனேன். இரண்டு பக்கச் சுவர்களும் பின் சுவரும் பூச்சில்லாத வெறும் செங்கல். "காசு முடிஞ்சு போச்சு அத்தான், அடுத்த வருஷம் பூசிக்கலாம்" என்றான். அது எல்லா வீட்டிலும் நடப்பதுதான், தப்பில்லை. அடுத்து அவன் சொன்னதுதான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. "முன்பக்கம் தகட்டுக்குப் பின்னாலயும் பூசல. ஷீட் மறைச்சிரும், பூச்சு எதுக்குன்னு வேலை செஞ்சவரே சொல்லிட்டாரு."

இராஜபாளையத்துக்குப் பக்கத்தில் சத்திரப்பட்டி என்று ஓர் ஊர். ஆஸ்பத்திரிகளுக்கு வேண்டிய பேண்டேஜ் துணி நெய்வதற்குப் பேர்போனது. அந்த வட்டாரத்துக்காரர்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. காயத்தைக் கழுவி மருந்து போட்ட பிறகுதான் கட்டு. காயத்தை மறைப்பதற்காகக் கட்டுப் போட்டால் உள்ளே சீழ் வைக்கும்.

வைத்தது. கார்த்திகை அடைமழையில் போன் வந்தது. ஹாலின் முன்பக்கச் சுவரில் ஈரம் படர்கிறதாம்.

இது எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் பார்க்கலாம். 'ஏசிபி ஷீட்' என்று நாம் சொல்வது ஒரு சாண்ட்விச். மேலும் கீழும் அரை மில்லிமீட்டரோ அதற்கும் குறைவாகவோ அலுமினியத் தகடு, நடுவில் பிளாஸ்டிக் மாதிரி ஒரு சரக்கு. மொத்தம் மூன்று, நான்கு மில்லிமீட்டர். சுவரில் இரும்புக் குழாயிலோ அலுமினியக் குழாயிலோ சட்டம் அடித்து, ஷீட்டின் ஓரத்தை மடக்கி, ஸ்க்ரூ போட்டு, இடுக்குகளில் சிலிகான் பசை வைத்து அடைக்கிறார்கள்.

எட்டடி அலுமினியத் தகடு, விடிகாலைக்கும் உச்சி வெயிலுக்கும் இடையில் 40 டிகிரி சூடேறினால், இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் நீளும். ராத்திரி சுருங்கும். தினம் தினம் இந்த மூச்சுப் பயிற்சி. சிலிகான் எத்தனை வருஷம் தாங்கும்? தரமான சரக்காக இருந்து, சரியான இடைவெளியும் விட்டிருந்தால் பல வருஷம். இல்லையென்றால் இரண்டு மூன்று மழைக்காலம். அப்புறம் தண்ணீர் உள்ளே போகும். உள்ளே போனது வெளியே வர வழியில்லை. சட்டம் வெறும் ரெட் ஆக்சைடு அடித்த இரும்பென்றால் துருப்பிடிக்கும். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்றால், துருப்பிடித்த ஸ்க்ரூவில் தொங்கும் தகடு எம்மாத்திரம்?

இதே தகடு மற்ற ஊர்களில் மரியாதையாக வாழ்கிறது. 1829-ல் லண்டனில் ஹென்றி பாமர் என்ற இன்ஜினீயர் நெளிதகட்டுக்குக் காப்புரிமை வாங்கினார். அது ஊட்டிக்கு வந்து மழைக்கேற்ற கூரையானது. ஐஸ்லாந்தின் தலைநகரான ரெய்க்யவிக்கில் சுவருக்கே நெளிதகடு அடித்த பழைய வீடுகள் வரிசையாக நிற்கின்றன. பக்கவாட்டில் அடிக்கிற மழையிலிருந்து மரச் சுவரைக் காப்பாற்ற அங்கே அது தேவைப்பட்டது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வண்ணம் அடித்துவைத்திருக்கிறார்கள். அழகாகத்தான் இருக்கிறது. ஏனென்றால், தகடு ஒரு வேலை செய்கிறது. அந்த வேலையை நான்கு பக்கமும் செய்கிறது.

அமெரிக்காவில் நடந்தது வேறு கதை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அங்கே மர வீடுகளுக்கு அலுமினியச் சட்டை போடும் வியாபாரம் சூடு பிடித்தது. வீடு வீடாகக் கதவைத் தட்டி விற்றார்கள். அந்த விற்பனையாளர்களின் தில்லுமுல்லுகளை வைத்து பாரி லெவின்சன் 1987-ல் 'டின் மென்' என்று ஒரு படமே எடுத்தார். 1963-ல் பால்டிமோர் நகரில் நடக்கிற கதை. பத்திரிகைக்குப் படம் எடுக்க வந்தவர்கள் மாதிரி நடித்து வீட்டுக்காரரை மடக்குவார்கள். "உங்க வீடு மெயின்ல இருக்கு சார், மாடல் வீடா காட்டிக்கிறோம், அதனால உங்களுக்கு மட்டும் ரேட்டு கம்மி" என்று உங்களிடம் யாராவது சொன்னால், அந்த வசனத்துக்கு வயது அறுபதுக்கு மேல் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

இனி நான் படித்த பி.காம். கொஞ்சம் பேசட்டும். 24 அடி அகலம், 25 அடி உயரம் என்றால் 600 சதுர அடி. ஆள் கூலியெல்லாம் சேர்த்து சதுர அடிக்கு 250 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒன்றரை லட்சம். "ஒன்றரை லட்சம்தானே" என்று வீட்டுக் கடனில் சேர்த்துவிடுவோம். 9 சதவிகித வட்டி, 20 வருஷம் என்று கணக்குப் போட்டால் மாதத் தவணை சுமார் 1,350 ரூபாய். மொத்தமாகக் கட்டுவது கிட்டத்தட்ட 3 லட்சத்து 24 ஆயிரம். தகட்டின் வண்ணத்துக்கு நல்ல கம்பெனிகளே பத்து, பதினைந்து வருஷம்தான் உத்தரவாதம் தருகின்றன. அதாவது, வண்ணம் வெளுத்த பிறகும் நீங்கள் தவணை கட்டிக்கொண்டிருப்பீர்கள். தேய்மானம் முந்திக்கொள்ளும் சொத்துக்கு நீண்ட காலக் கடன் வாங்காதே என்று எங்கள் வாத்தியார் முதல் வருஷத்திலேயே சொல்லித் தந்தார்.

பணம் போனால் சம்பாதிக்கலாம். இதில் அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. நடுவில் பிளாஸ்டிக் மாதிரி ஒரு சரக்கு என்றேன் அல்லவா? மலிவான ஷீட்டில் அது பாலிஎத்திலீன். எரியும். நன்றாகவே எரியும். லண்டனில் கிரென்ஃபெல் டவர் என்ற 24 மாடிக் குடியிருப்பைப் புதுப்பித்து, 2016-ல் வேலையை முடித்தார்கள். அதில் வெளிச்சுவருக்கு இந்த வகை ஷீட் போர்த்தியிருந்தார்கள். குளிர் தாங்குவதோடு தோற்றம் பளிச்சென்று ஆவதும் ஒரு நோக்கம். 2017 ஜூன் 14 அன்று ஒரு சமையலறையில் பிடித்த தீ, ஜன்னல் வழியாக வெளியே வந்து, ஷீட்டைப் பற்றிக்கொண்டு உச்சி வரை ஏறியது. 72 பேர் இறந்தார்கள். தீ அவ்வளவு வேகமாகப் பரவ முக்கியக் காரணம் அந்தப் போர்வைதான் என்று விசாரணை சொன்னது. 2018-ல் இங்கிலாந்து உயரமான குடியிருப்புகளின் வெளிச்சுவரில் எரியக்கூடிய பொருட்களைத் தடை செய்தது.

மாடி வீடொன்றும் 24 மாடிக் கட்டிடமும் சமம் இல்லை. மச்சினன் வீட்டில் கொல்லை வழியாக ஓடிவிடலாம். ஆனால் இதே ஷீட்டை நம் ஊர்களில் நாலு மாடி ஜவுளிக்கடைக்கும், ஜன்னலை எல்லாம் மூடி ஆஸ்பத்திரிக்கும் ஒட்டுகிறார்கள். கும்பகோணத்தில் 2004-ல் 94 குழந்தைகளை நெருப்புக்குக் கொடுத்த பிறகு கீற்றுக் கொட்டகையைப் பார்த்தாலே நமக்குப் பதறுகிறது. கீற்று எரியும் என்று எல்லோருக்கும் தெரியும். தகடு எரியும் என்று யாருக்குத் தெரியும்?

"அப்ப பழைய மாதிரி திண்ணையும் ஓடும் போட்டுக் கட்டச் சொல்றீங்களா?" என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. ஆனால் ஸ்ரீவில்லிபுத்தூர் மாட வீதிகளில் ஒரு நடை போய், மிச்சமிருக்கிற பழைய வீடுகளைப் பாருங்கள். ஓட்டுக் கூரை சுவரைத் தாண்டி நீண்டிருக்கும். சுவருக்கு அதுதான் குடை. வெயிலும் மழையும் சுவரைத் தொடுவதற்கு முன்பே தடுத்துவிட வேண்டும் என்று அந்தக் கொத்தனாருக்குத் தெரிந்திருக்கிறது. நாம் அந்தக் குடையை மடக்கி வைத்துவிட்டு, சுவருக்கு ரெயின்கோட் மாட்டுகிறோம். அதுவும் முன்பக்கம் மட்டும்.

இராஜபாளையம் சிமென்ட்டுக்குப் பேர்போன தொழில் குடும்பத்தின் ஊர். கட்டிடம் என்றால் என்ன என்று அந்த ஊருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். 1949 முதல் 1952 வரை சென்னை மாகாண முதலமைச்சராக இருந்த பி.எஸ். குமாரசாமி ராஜாவின் ஊரும் அதுதான். அவர் தன் வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்தார். அந்த வீட்டின் கௌரவம் எலிவேஷனிலா இருக்கிறது?

சரி, தகடுதான் வேண்டும் என்று மனசு அடம் பிடிக்கிறதா? தாராளமாகப் போடுங்கள். போடும் முன் நான்கு விஷயம் கவனியுங்கள். ஒன்று, சுவரைப் பூசி, நன்றாக உலரவிட்ட பிறகுதான் சட்டம். இரண்டு, நடுவில் என்ன சரக்கு என்று கேளுங்கள். தீயை மட்டுப்படுத்தும் தாது கலந்த வகை கிடைக்கிறது. அதற்கான பேப்பரைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். சீரியல் பல்பு ஒயரைத் தகட்டுக்குப் பின்னால் ஓடவிடாதீர்கள். மூன்று, ஒன்றிரண்டு மாடி வீடுதான் என்றால் மேலும் கீழும் காற்றுப் போக இடம் விட்டு, பூச்சி நுழையாமல் வலை அடியுங்கள். காற்று ஓடினால் சூடும் ஈரமும் வெளியேறும். அடைத்தால் இரண்டும் உள்ளேயே குடியிருக்கும். நான்கு, கழற்றி மாட்டுகிற மாதிரி பொருத்தச் சொல்லுங்கள். கவசத்தின் இலக்கணம் ஞாபகம் இருக்கிறதல்லவா?

ஜன்னலை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் மூடாதீர்கள்.

அன்றைக்குப் பார்த்த ஒரு காட்சியைச் சொல்லி முடித்துக்கொள்கிறேன். பந்தி முடிந்து, மதியம் மூன்று மணி இருக்கும். மேற்குப் பார்த்த வீடு. அத்தை வெற்றிலைப் பையோடு வாசல் படியில் வந்து உட்கார்ந்தார்கள். பழக்க தோஷத்தில் சுவரில் சாய்ந்தார்கள். சட்டென்று நிமிர்ந்தார்கள். முதுகைத் தடவிவிட்டுக்கொண்டு, யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் எழுந்து வீட்டின் பக்கவாட்டுச் சந்துக்குப் போனார்கள். அங்கே பக்கத்து வீட்டு நிழல் விழுந்திருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து எட்டிப் பார்த்தேன். பூசாத செங்கல் சுவரில் சாய்ந்து, காலை நீட்டி, அத்தை நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.