அந்துப்பூச்சியின் பின்னணி

பூவை நம் கவிதை வண்டுக்கும் தும்பிக்கும் கொடுத்துவிட்டது. விட்டிலுக்கு விளக்கு, அந்துக்கு அரிசி மூட்டை. பூவில் உட்கார்ந்து தேன் குடிக்கும் அந்துப்பூச்சி நம் பார்வைக்குக் கிடைத்தது அநேகமாக மாக்ரோ லென்ஸால்தான். இந்தியாவில் பட்டாம்பூச்சி வகைகள் ஏறத்தாழ 1,300. அந்துப்பூச்சி வகைகள் 10,000க்கு மேல். இத்தனையையும் பார்க்காமலிருந்தது ஒரு சாதனைதான். நீலகிரியில் தேயிலை பயிரிட்ட ஹாம்ப்ஸன் 1892-96ல் இவற்றைப் பற்றி நாலு வால்யூம் எழுதினார். அதிலிருப்பவை சிறகு விரித்துச் செத்த பூச்சிகள்.

திருவொற்றியூர் நண்பர் ஒருவர் எண்ணூரில் ரோட்டோரப் பூண்டுகளில் எடுத்த படங்களைக் காட்டினார். உயிருள்ள பூச்சிகள். வெட்டுக்காயப் பூண்டின் பூவில் ஒன்று: பழுப்புச் சிறகில் குறுக்கே வெள்ளைப் பட்டை, விரித்தால் இரண்டு சென்டிமீட்டர் சொச்சம். கீரைப் பாத்தியில் புழுவாக இலையைச் சுருட்டித் தின்கிற ஜாதி. அதன் உறிஞ்சுகுழல் பூவுக்குள் வளைந்து இறங்குவதைப் படம் பிடிக்க அசாத்தியப் பொறுமை வேண்டும். அதில் எனக்குச் சந்தேகமில்லை.

என் ஆட்சேபணை பின்னணியைப் பற்றியது. எல்லாப் படத்திலும் பின்னணி கறுப்பு. காரணம் எளிது. இந்த நெருக்கத்தில் துவாரத்தை எவ்வளவு சுருக்கினாலும் ஓரிரண்டு மில்லிமீட்டர் ஆழம்தான் தெளிவாக விழும். ஃப்ளாஷ் வெளிச்சம் பூவைத் தாண்டுவதில்லை. விளைவு, எண்ணூர் காணாமல் போகிறது. இதே படத்தை ஏற்காட்டில் எடுத்ததாகச் சொன்னாலும் நம்பலாம். நம் படிமக் கவிதைகளில் பாதி இப்படித்தான்: ஒரு இலை, ஒரு துளி, சுற்றிலும் இருட்டு. அந்த இருட்டை ஆழம் என்று எண்ணிப் பழகிவிட்டோம்.

மான்செஸ்டரின் அந்துப்பூச்சி ஞாபகம் வருகிறது. வெளிர் நிறப் பூச்சியின் கறுப்பு வகை அங்கே 1848ல் பதிவாயிற்று. 1895ல் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு கறுப்பு. கெட்டில்வெல் 1953லும் 1955லும் சோதனைகள் செய்து, கரி படிந்த மரத்தில் வெளிர்ப் பூச்சியைப் பறவைகள் சுலபமாகக் கண்டு தின்றுவிடுகின்றன என்று காட்டினார். பாடப்புத்தகங்களில் ஏறிய படங்களில் பல, பூச்சியை மரத்தில் வைத்து எடுத்தவை. ஜோடனைதான். ஆனாலும் அவற்றில் மரப்பட்டை இருந்தது, கரி இருந்தது. பட்டையை நீக்கினால் பூச்சிக்குச் சரித்திரமே இல்லை.

எண்ணூர் அனல்மின் நிலையம் 1970ல் தொடங்கி 2017ல் மூடப்பட்டது. அத்திப்பட்டு நிலையத்தின் சாம்பல் குழம்பு குழாயில் செப்பாக்கம் குட்டைக்குப் போகிறது, வழியில் உடைந்து கழிமுகத்தில் கொட்டியும் இருக்கிறது. இதெல்லாம் படத்துக்கு வெளியே என்றுதான் நினைத்தேன். ஒரு படத்தில் இதழ்மேல் சாம்பல் நிறத் தூசி. மற்றவற்றிலும் இருந்ததாம், கம்ப்யூட்டரில் துடைத்துவிட்டார், இது எப்படியோ தப்பியிருக்கிறது. பூச்சியின் சிறகுச் செதிள் ஒன்று சுமார் பத்தில் ஒரு மில்லிமீட்டர் நீளம். உலைச் சாம்பலின் பெரிய துகள்களும் கிட்டத்தட்ட அந்த அளவுதான். படத்தில் எது சிறகின் பொடி, எது ஊரின் பொடி என்று பிரிக்க முடியவில்லை.

என்னைப் பொறுத்தவரை அந்த ஒன்றுதான் படம். அகன்ற லென்ஸ் போட்டுப் பின்னால் புகைபோக்கியை நிறுத்தலாமே என்றார் உடனிருந்த இன்னொருவர். அது போஸ்டர். இங்கே ஊர் பூச்சியின் அளவுக்கே இறங்கி வந்திருக்கிறது. லென்ஸும் தன் வரம்பை மீறாமல் அதைப் பார்த்திருக்கிறது. நண்பருக்கு இதில் திருப்தியில்லை. கண்காட்சிக்கு அனுப்புமுன் இதையும் துடைக்கவேண்டும் என்கிறார்.