சாமைச் சோறு, சுஷி, மெனு கார்டில் இல்லாத உலக்கை

போன மாசம் ஒரு ஹோட்டலில் மெனு கார்டைப் புரட்டும்போது 'கொல்லிமலை பாரம்பரிய சாமை பிரியாணி' என்று ஒரு வரி கண்ணில் பட்டது. பக்கத்திலேயே நார்ச்சத்து எவ்வளவு என்ற கணக்கு. சாப்பிட்டேன், ருசியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. எனக்கு இடித்தது அந்தப் 'பாரம்பரிய' என்ற வார்த்தைதான்.

லீவு கிடைத்தால் 70 கொண்டை ஊசி வளைவு ஏறிக் கொல்லிமலைக்குப் போய்விடுகிற ஆள் நான். ஒருமுறை திருப்புலி நாட்டில் ஒரு வீட்டில் சாமைச் சோறு கிடைக்குமா என்று ஆசையாகக் கேட்டேன். அந்த அம்மா சிரித்தார். "சாமையா? குத்துறது யாரு சாமி?" அன்றைக்கு எனக்குக் கிடைத்தது ரேஷன் அரிசிச் சோறு.

சாமை மணி ரொம்பச் சின்னது, உமி லேசில் விடாது. உரலில் போட்டு, குத்தி, புடைத்து, மறுபடி குத்த வேண்டும். அத்தனையும் பெண்கள் தலையில் விழுந்த வேலை. ஜவ்வரிசி ஆலைக்கு அனுப்ப மரவள்ளி வந்ததும், கையில் காசு புழங்கியதும், ரேஷன் அரிசி கிடைத்ததும் சாமைக் காடு சுருங்கியதில் ஆச்சரியம் என்ன? கட்டவெட்டிச் சாமை, மல்லியச் சாமை, பெருஞ்சாமை என்று ரகம் பிரித்துச் சொன்ன மலை இது. மெனு கார்டுக்கு எல்லாமே 'மில்லெட்'.

சுஷியைப் பற்றிப் படித்தபோது இந்த மறதி இன்னும் உறைத்தது. நமக்கு சுஷி என்றால் பச்சை மீன் வைத்த சோற்றுக் கட்டி. அது 19-ஆம் நூற்றாண்டில் எடோ நகரத்தில் பிரபலமான அவசரச் சாப்பாடு. பழைய சுஷி கிராமத்து ஊறுகாய் மாதிரி. ஷிகா மாகாணத்தில் பிவா ஏரிக்கரையில் இன்றும் ஃபுனாசுஷி போடுகிறார்கள். கெண்டை இன மீனை மாசக்கணக்கில் உப்பில் வைத்து, பிறகு சோற்றோடு அடுக்கி, மேலே பாரம் ஏற்றிப் புளிக்க விடுவார்கள். சோறு அங்கே மீனைக் கெடாமல் காக்கும் சரக்கு. குழைந்துபோனதைப் பெரும்பாலும் வழித்துவிட்டு மீனைத்தான் சாப்பிடுவது. கடலே இல்லாத நாராவில் உப்பிட்ட கானாங்கெளுத்தியைச் சோற்றோடு பெர்சிமன் இலையில் மடிக்கிறார்கள். கடற்கரையிலிருந்து மலை தாண்டி வந்து சேர வேண்டிய மீன், அதனால்தான் அந்த உப்பு. ஏரி, உப்பு, மலைப்பாதை இதையெல்லாம் விட்டுவிட்டு அந்தப் பண்டங்களை விளக்கவே முடியாது.

சாமையை மட்டும் உலக்கை இல்லாமல் எழுதிவிடுகிறோம். நானும்தான். 2023, சர்வதேச சிறுதானிய ஆண்டில், இதே பிளாக்கில் சத்து அட்டவணை போட்டுச் சாமை புகழ் பாடியிருக்கிறேன். அதில் உமி என்ற சொல்லே இல்லை, தேடிப் பார்த்தேன்.

பெண்கள் மறுபடி குத்த வேண்டும் என்றா சொல்கிறேன்? இல்லவே இல்லை. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் மலையில் செய்த வேலைகளில் எனக்குப் பெரிதாகப் படுவது உமி நீக்கும் மில்லைக் கிராமத்துக்குள் கொண்டுவந்ததுதான். 'பாரம்பரியம்' என்று போடுகிற மெனு கார்டு அந்த மில்லையும் ஒரு வரி சொல்லலாம்.

அந்த அம்மா கிளம்பும்போது ஒரு படி சாமையை உமியோடு கொடுத்தனுப்பினார். வீட்டில் மிக்ஸியில் போட்டுப் பார்த்தேன். பாதி மாவாகிவிட்டது, மீதியில் உமி அப்படியே இருக்கிறது.