ஓமனாவின் மனு

17 அக்டோபர் 2023 அன்று உச்ச நீதிமன்றம் ஒருபால் திருமணத்தை அங்கீகரிக்க மறுத்தது. ஐந்தாறு வாரத்தில் ஜியோ பேபியின் 'காதல் – தி கோர்' மலையாளத்தில் வெளிவந்தது. தீர்ப்பைப் பற்றி நம் ஆட்கள் எழுதினார்கள். படத்தை மம்முட்டியின் துணிச்சல் என்று பாராட்டிவிட்டு நகர்ந்துவிட்டார்கள். இரண்டையும் சேர்த்து வாசிக்க வேண்டும் என்பது என் கட்சி.

படத்தில் வழக்குப் போடுவது ஒருபால் விருப்பம் கொண்ட மாத்யூ அல்ல, அவன் மனைவி ஓமனா. இருபது வருஷத் தாம்பத்தியத்துக்குப் பிறகு, அவன் உள்ளாட்சி இடைத்தேர்தலில் நிற்கும்போது, விவாகரத்துக் கேட்கிறாள். பழிவாங்க அல்ல, இருவருமே விடுபட. விஷயம் தெரிந்தே மகனுக்குக் கல்யாணம் செய்துவைத்த அப்பா வீட்டில் மௌனமாக உட்கார்ந்திருக்கிறார்.

அந்த அப்பாவைச் சேலம், நாமக்கல் சமவெளியில் எந்த ஊரிலும் பார்க்கலாம். "ஒரு கால்கட்டுப் போட்டா எல்லாஞ் சரியாப் போயிரும்" என்பது அவர் வசனம். கால்கட்டு மாட்டுக்குப் போடுவது. இங்கே சேர்த்துக் கட்டப்படும் இன்னொரு காலைப் பற்றி யாரும் பேசுவதில்லை. வருஷம் ஒன்று போனதும் "இன்னும் ஒண்ணுமில்லையா?" என்ற கேள்வி அவளிடம்தான் வரும். ஆஸ்பத்திரி, கோயில், வேண்டுதல் எல்லாம் அவளுக்கு. பெருமாள்முருகனின் 'மாதொருபாக'னில் பொன்னா மேல் விழுந்த அதே கேள்வி. ஆனால் காளிக்குப் பொன்னா மேல் ஆசை இருந்தது. இவளுக்கு அதுவும் இல்லை. தன் உடம்பில்தான் ஏதோ குறை என்று நம்பிக் கிடக்கிறாள். (அவன் மறைத்தது மறைத்ததுதான். அவனுக்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை.)

கோர்ட்டுக்குப் போனால்? 1955 இந்து திருமணச் சட்டத்தின் 12ஆம் பிரிவு ஆண்மையின்மையை, மோசடியை நிரூபிக்கச் சொல்கிறது. மோசடியென்றால் தெரியவந்த ஒரு வருஷத்துக்குள் மனுப் போட வேண்டும். 13(2) இன்னும் மோசம்: பாலியல் வன்முறை, விலங்குப்புணர்ச்சி ஆகியவற்றின் நடுவே குதப்புணர்ச்சியை வைத்திருக்கிறது. 2018இல் 377ஆம் பிரிவின் பிடியிலிருந்து விடுபட்ட உறவு இங்கே இன்னும் குற்றவரிசையில் நிற்கிறது. "அவரு நல்லவருதான், என்னை விரும்ப அவரால முடியல" என்று ஒரு பெண் சொல்ல அந்தச் சட்டத்தில் இடமில்லை. பரஸ்பர சம்மதத்தில் பிரியலாம்தான். அதற்கு அவனும் கையெழுத்துப் போட வேண்டும்.

திருமணமே ஆணாதிக்க நிறுவனம், அதை ஏன் இவர்களும் கேட்க வேண்டும் என்று தோழர்கள் கேட்கிறார்கள். திருச்செங்கோட்டில் இருபத்தேழு வயசுப் பையன் வீட்டில் இந்த வாதத்தைச் சொல்லிப் பார்க்கட்டும், அடுத்த முகூர்த்தத்திலேயே பெண் பார்த்துவிடுவார்கள். இவனோடுதான் வாழப்போகிறேன் என்று ஊரும் சட்டமும் ஒப்புகிற மாதிரிச் சொல்ல முடிந்தால்தான் அந்தப் பெண் தப்பிப்பாள்.

புரோகிதர் இல்லாத கல்யாணமும் ஒருகாலத்தில் செல்லாமல்தான் இருந்தது. அண்ணா அரசின் 1967 திருத்தம் 7-அ பிரிவைச் சேர்த்து, அதற்கு முன் நடந்த சுயமரியாதைத் திருமணங்களையும் செல்லுபடியாக்கியது. அந்தப் பிரிவு 'எந்த இரு இந்துக்களுக்கும்' இடையிலான திருமணம் என்று ஆரம்பிக்கிறது. கொஞ்சம் தள்ளி கணவன், மனைவி என்று வந்துவிடுகிறது. திருமணம் பொதுப்பட்டியலில் இருப்பதால்தான் மாநிலச் சட்டமன்றம் அதில் கைவைக்க முடிந்தது. இன்றும் அது பொதுப்பட்டியலில்தான் இருக்கிறது.