தராசுக்குள் ஒரு பாலம்

ஈசூன், சோங் பாங் ஈரச்சந்தையின் மின்னணுத் தராசில் நாலு முருங்கைக்காயை வைத்ததும் எண்கள் சற்றே தடுமாறி நிலைக்கின்றன. அந்தக் கணத்தில் தட்டுக்கு அடியிலுள்ள அலுமினியக் கட்டை கண்ணுக்குத் தெரியாமல் வளைகிறது. அதன்மேல் ஒட்டியிருப்பவை விரல்நகத்தைவிடச் சிறிய நான்கு மின்தடைகள். கோலத்து இழைபோல் மடிந்து மடிந்து ஓடும் மெல்லிய உலோகத் தகடுகள். வளைவில் இரண்டு நீள்கின்றன, இரண்டு சுருங்குகின்றன. நான்கும் சேர்ந்ததே வீட்ஸ்டன் பாலம் எனப்படும் சமனச்சுற்று.

அதன் வெளியீட்டைக் காணும் வழி எளிமையால் அழகு பெறுகிறது. சுற்றை இரு கிளைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றின் நடுப்புள்ளி மின்னழுத்தத்தையும் தனியே கணக்கிட்டு, ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் போதும். நான்கும் 350 ஓம், ஊட்டுவது 5 வோல்ட் என்றால் இரு நடுப்புள்ளிகளிலும் 2.5 வோல்ட், வித்தியாசம் சுழி, தட்டு காலி. சுமை ஏறி, நீண்டவை 350.7 ஓம், சுருங்கியவை 349.3 ஓம் ஆகும்போது ஒரு பக்கம் 2.505, மறுபக்கம் 2.495 வோல்ட். கழித்தால் 10 மில்லிவோல்ட். புழுக்கத்தில் நான்கும் ஒருசேரச் சூடேறினாலும் விகிதம் குலைவதில்லை. முக்கால் ஓம்கூட எட்டாத மாற்றத்தைப் பொறுமையாகப் பிடித்து, விற்பவருக்கும் வாங்குபவருக்கும் நடுவே நேர்மையாக நிற்கிறது இந்தப் பாலம்.