சீட்டும் கூத்தும்

வருங்காலத்தை முன்னறிய வேண்டுமென்னும் வேட்கை மனிதனிடத்து மிகப் பழைமையானது. முல்லைப்பாட்டிலே முதுபெண்டிர் நெல்லும் மலருந் தூவி நற்சொல் கேட்டு நிற்கின்றனர். குறவஞ்சி நாடகங்களிலே குறத்தி தலைவியின் கையை நோக்கிக் குறி கூறுகின்றாள். தமிழகத்துத் தெருக்களிலே கூண்டுக்கிளி தெய்வப் படம் எழுதிய சீட்டொன்றை எடுத்துக் கொடுக்கின்றது. மேனாட்டிலே இவ்விடத்தைப் பெற்றது டாரட் என்னுஞ் சித்திரச் சீட்டுத் தொகுதியாம். அதனை நம்புவதா, தள்ளுவதா என்பது ஈண்டு நம் வினாவன்று. ஓவியந் தீட்டிய ஒரு துண்டுத் தாள் மனித உள்ளத்தைப் பிணிப்பது எங்ஙனம் என்பதே வினா. இதற்கு விடை காண, ஊவா மலைத்தோட்டங்களின் கூத்துக்கள் பெரிதும் துணைசெய்கின்றன.

டாரட் சோதிடத்தின் பொருட்டுத் தோன்றியதன்று. 15ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியிலே பொழுதுபோக்குச் சீட்டாட்டமாக அது பிறந்தது. அதன் 78 சீட்டுக்களுள் 22 சீட்டுக்கள் அரசன், துறவி, சாவு, சக்கரம் முதலிய தனிச் சித்திரங்களைத் தாங்கியவை. 1781இல் கூர் டி ஜெபலின் என்னும் பிரெஞ்சு அறிஞர், இவை பண்டை எகிப்தியரின் ஞானநூலென்று தக்க சான்றின்றி எழுதினார். அதன் பின்னரே சீட்டைக் கொண்டு குறி கூறும் வழக்கம் வலுப்பெற்றது. இன்று பெருவழக்கிலுள்ள சித்திரங்களை 1909இல் வரைந்தளித்த பமீலா கோல்மன் ஸ்மித், ஜமைக்கா நாட்டார் கதைகளைத் தொகுத்து வெளியிட்டவருமாவார். கதை சொல்லியின் கை வரைந்தமையால் அவர்தம் சீட்டு ஒவ்வொன்றும் ஒரு கதையின் நடுவே நிற்பதுபோல் தோன்றுகின்றது.

இத்தகைய உருவங்கள் மனித இனத்தின் ஆழ்மனத்திற் பொதுவாக உறைவன என்றும், அவையே தொல்படிவங்கள் என்றும் உளநூல் அறிஞர் யுங் கருதினார். இக்கொள்கையைக் கையாளுவோர் ஒன்றை மறத்தலாகாது: ஒப்புமை கண்டவிடமெல்லாம் உறவு கற்பித்தல் ஆராய்ச்சியாகாது. ஒத்த உருவங்கள் எங்கே வேறுபடுகின்றன என்று காண்பதே பயனுடையது.

பன்னிரண்டாம் சீட்டிலே ஒருவன் ஒற்றைக்காலிற் கட்டுண்டு தலைகீழாகத் தொங்குகின்றான். நம் அருச்சுனனோ ஒற்றைக்காலில் நின்று தவம் புரிகின்றான். தோட்டங்களில் ஆடப்பெறும் அருச்சுனன் தபசிலே அவன் நெடுங்கம்பத்தின்மேல் ஏறுகின்றான். இருவரும் துன்பத்தைத் தாமே ஏற்று ஒன்றை அடைய நிற்பவர்களாகக் கொள்ளப்படுவர். ஆயின் சீட்டின் மனிதன் தனியன். அருச்சுனனைச் சுற்றி ஊர் முழுதும் விழித்திருக்கின்றது.

பதின்மூன்றாம் சீட்டு சாவு. சீட்டு வல்லார் அதனை இறப்பென்னாது மாற்றமென்றே விரிப்பர். மாசி மாதத்திலே கம்பம் ஊன்றி நடைபெறும் காமன் கூத்தும் இதனையே காட்டுகின்றது. சிவனின் நெற்றிக்கண்ணால் எரிந்த மன்மதன், இரதியின் வேண்டுதலால் அவள் கண்ணுக்கு மட்டும் புலப்படும் உயிர் பெறுகின்றான். அவன் எரிந்தானா, எரியவில்லையா? தஞ்சைப் பகுதியின் லாவணிப் பாடகர் எரிந்த கட்சி, எரியாத கட்சி எனப் பிரிந்து விடியுமளவும் வாதிடுவர். ஒரே கதை இரு பொருளுக்கு இடந்தருகின்றது. பொருள் படத்தில் இல்லை, அதனை எடுத்து வழக்காடும் மனிதரிடத்தே உள்ளது என்பதற்கு இதனினுஞ் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

பதினாறாம் சீட்டு இடியுண்டு சரியும் கோபுரம். செருக்குற்றவனை ஊழ் வீழ்த்துதலே அதன் பொருள் என்பர் பலர். 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் கொஸ்லாந்தைப் பகுதியின் மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. அங்கு மாண்டோர் எச்செருக்கின் பொருட்டு மாண்டனர்? அவ்விடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை இருந்தது, பாதுகாப்பான நிலமும் வீடும் உரிய காலத்திற் கிட்டவில்லை. இதனை விதியென்று கூறிவிட்டால் வினாவே மறைந்துவிடும். ஈண்டுத் தொல்படிவம் அறிவை விளக்கவில்லை, மறைக்கின்றது.

ஊழின் வலிமையைச் சொல்ல எழுந்த சிலப்பதிகாரத்திலும் கண்ணகி ஊழென்று அமைந்திருந்தாளில்லை. சிலம்பைக் கையிலேந்தி அரசனிடம் வழக்குரைத்தாள். நம் கதைகளின் உயர்வு இதுவே. அவை வருவதைக் கூறி வாயடைப்பனவல்ல, வந்ததை எடுத்துக் கேட்கத் துணிவு தருவன.

19ஆம் நூற்றாண்டிற் கோப்பித் தோட்டங்களுக்கும் பின்னர்த் தேயிலைத் தோட்டங்களுக்கும் வந்தோர், தமிழகத்திலிருந்து இக்கதைகளை நெஞ்சிற் சுமந்து வந்தனர். பதுளை மாணவர் தத்தம் தோட்டத்துக் கூத்தின் பாடல்களை மட்டுமன்றி, முதியோர் அவற்றிற்கு உரைக்கும் பொருளையும் எழுதி வைத்தல் வேண்டும். ஒரு தோட்டத்தார் ஒருவாறும், அடுத்த தோட்டத்தார் வேறொருவாறும் பொருள் உரைப்பாராயின் இரண்டையும் எழுதுக. அவ்வேறுபாட்டிலேதான் கதை உயிரோடிருக்கின்றது.